‘சம்மதித்தார்’ என்று எழுதியவன்

சமரச அலுவலர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டார்கள். என் தொண்டை இப்போதெல்லாம் பத்து நிமிஷத்துக்கு மேல் ஒத்துழைப்பதில்லை. அதனால் எழுதியே தருகிறேன். பிடிக்காவிட்டால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். நான் பேசியிருந்தால் அந்த வசதி உங்களுக்குக் கிடைத்திருக்காது.

போன வாரம் உங்கள் வகுப்பறையை எட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் தகராறுகளை வகை பிரித்துக் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மருந்து எழுதி, அம்புக்குறியால் இணைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கேலிச் சிரிப்பு இல்லை. பழைய போட்டோவில் நம்முடைய மீசையைப் பார்த்தால் ஒரு சிரிப்பு வருமே, அது. அதே கட்டங்களை நானும் போட்டு வைத்திருந்தேன். உங்களுடையது கலர் சாக்பீஸில் இருக்கிறது. என்னுடையது மூன்று காக்கி அட்டைக் கோப்புகளில் இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். எங்கள் ஆபீஸ் சேலத்தில். சேர்வராயன் மலை எஸ்டேட்டுகளின் தகராறுகள் என் தலையில் விழுந்தன. நான் கும்பகோணம் பக்கத்துக்காரன். சின்ன வயதில் நான் ஏறிய ஒரே உயரம் சுவாமிமலைப் படிக்கட்டு. முதல் தடவை பஸ் அடிவாரம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறியபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பத்தாவது தடவையில், ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் கண்டக்டரிடம் முறைத்துக்கொள்ளும் ஆளாகிவிட்டேன். ஏற்காடு பஜாரில் இறங்கியதும் காது மடல் சில்லிடும். டீக்கடை கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏரிப் பக்கமிருந்து பனி கலைவதைப் பார்த்தபடி நிற்கும் அந்த ஐந்து நிமிஷம் இருக்கிறதே, அதற்காகவே இன்னொரு முறை முப்பது வயது ஆகலாம் என்று இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

கோப்புகளுக்கு வருகிறேன். முதல் கோப்பின் பெயர் ‘பங்கு’. ஒரே பொருள், இரண்டு பேருக்கும் வேண்டும். தண்ணீர்க் குழாயாக இருக்கலாம், தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையாக இருக்கலாம். மருந்து: அளந்து பிரித்துக் கொடு, முடியாவிட்டால் முறை வை. இரண்டாவது ‘பயம்’. எதிரில் உட்கார்ந்து கத்துகிறவன் உண்மையில் தனக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்குப் பயந்துதான் கத்துகிறான். மருந்து: தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடு, அவன் தன் ஆட்களிடம் போய்ச் சொல்ல ஒரு நல்ல வாக்கியம் தயாரித்துக் கொடு. மூன்றாவது ‘வீம்பு’. கேட்கிற விஷயம் ஒன்றும் பெரிதில்லை, யார் முதலில் இறங்கி வருவது என்பதுதான் சண்டை. மருந்து: யாருமே இறங்கி வராதது போலத் தெரிகிற ஒரு வாசகம்.

இந்த மூன்றாவது மருந்தைத் தயாரிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கு நினைப்பு. அதற்குக் காரணமும் இருந்தது. ஓர் எஸ்டேட்டில் இரண்டு சங்கங்கள். எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, ஒப்பந்தத்தில் எந்தச் சங்கத்தின் பெயர் முதலில் வருவது என்பதில் மட்டும் அரை நாள் ஓடியது. இரண்டு தலைவர்களும் நாற்காலியை எதிரெதிர்ச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். நான் இரண்டு பிரதி அடிக்கச் சொன்னேன். ஒன்றில் இவர் முதலில், மற்றதில் அவர் முதலில். இரண்டும் அசல்தான் என்று முத்திரை குத்திக் கையில் கொடுத்தேன். இரண்டு பேரும் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார்கள். ஆபீஸில் ஒரு மாதம் இதையே சொல்லிச் சிரித்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது அப்போதுதான்.

அந்த வருஷக் கடைசியில் வாழவந்தி பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டிலிருந்து புகார் வந்தது. பழம் எடுக்கிற பருவம். பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து தினமும் வேலைக்கு வரும் நாற்பது பெண்களும் ஒரே நாளில் நின்றுவிட்டார்கள். செடியில் பழம் சிவந்து தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் விட்டால் கறுத்து உதிர்ந்துவிடும்.

காரணம் ராமாயி என்ற பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையில் காப்பிப் பழ மூட்டையோடு எஸ்டேட் வழியாக நடந்து போனவரை வாட்ச்மேன் பிடித்துவிட்டார். தன் வீட்டைச் சுற்றி இருக்கும் செடிகளில் பறித்த பழம் என்றும், அந்தண்டை அக்கா வீட்டுப் பாறையில் காயப்போடக் கொண்டுபோவதாகவும் ராமாயி சொன்னார். மானேஜர் மதராஸிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆன இளைஞர். அந்த மலையில் விளைகிற காப்பியெல்லாம் எஸ்டேட்டுகளுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தார். ராமாயியின் பெயரைப் போட்டு, திருட்டுக்காக வேலையிலிருந்து நிறுத்தப்பட்டதாக ஆபீஸ் பலகையில் ஒட்டிவிட்டார். பழத்தைப் பார்த்து எந்தச் செடியில் காய்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

எனக்குப் பிறகுதான் தெரிந்த ஒன்றை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் அடுத்த வருஷத்துக்கான விதைச் சாமையை எல்லா வீட்டாரும் ஒரே வீட்டில் கொண்டுபோய் வைப்பார்கள். வீட்டில் அடுப்பு எரியாத நாளிலும் அதில் கை வைக்காதவர் என்று யாரை ஊர் நம்புகிறதோ, அவர் வீட்டில். பல வருஷமாக அது ராமாயியின் வீடு. எஸ்டேட் வேலை போனால் அவர் வேறு வேலை தேடிக்கொள்வார். திருடி என்ற பெயர் நின்றுவிட்டால் விதை அந்த வீட்டில் இருக்காது. அவருக்குப் போராட்டம் அதற்காகத்தான்.

எனக்கு இது எதுவும் தெரியாது. எஸ்டேட்டுக்குப் போன பத்தாவது நிமிஷத்தில், ‘வீம்பு’ என்று மனசுக்குள் கோப்பைத் திறந்துவிட்டேன்.

எஸ்டேட் ஆபீஸில் பேச்சுவார்த்தை. மானேஜர், கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர், ராமாயி, அவருக்குத் துணையாக அந்த மலையூரின் தலைவரான ஊர்க்கவுண்டர், நான். மூலையில் எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் சரோஜா, மடியில் குறிப்பேட்டோடு. சரோஜா சேலத்துப் பெண். என்னைவிட ஐந்து வயது சின்னவர், என்னைவிட நூறு மடங்கு பொறுமைசாலி.

மானேஜர் என்னிடம், “அந்தம்மா ஒரு லெட்டர் கொடுத்தா சேர்த்துக்கறேன் சார். ஓனர்கிட்ட நான் ஏதாவது காட்டணும் இல்லையா?” என்றார். அவர் முகத்தில் தூக்கமே இல்லை. பழம் உதிர்ந்தால் அடுத்த பஸ்ஸில் தன்னை மதராஸுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நான் என் மருந்தை எடுத்தேன். கடிதத்தில் ஒரே வாசகம்: ‘இனிமேல் இவ்வாறு நடக்காது.’ ராமாயியிடம் சொன்னேன்: “திருட்டுங்கற வார்த்தையே இதுல இல்லைம்மா. இனிமேல் நடக்காதுன்னு மட்டும்தான். அவருக்கும் கௌரவம், உங்களுக்கும் வேலை.”

ராமாயி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். “ஏனுங்க சார், இனிமே நடக்காதுன்னா, முன்னால நடந்துச்சுன்னு ஆயிருமுங்களே?”

“அப்படி யாரும் படிக்க மாட்டாங்க.”

அவர் கட்டியிருந்த கையைப் பிரித்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு மெதுவாக, “ஆகட்டுங்க” என்று சொல்லி எழுந்துகொண்டார். ஊர்க்கவுண்டரும் எழுந்துகொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஒரே உட்காரலில் முடித்துவிட்டேன்.

அவர்கள் போனதும் சரோஜா குறிப்பை டைப் அடித்து நீட்டினார். கடைசி வரி, ‘ராமாயி “ஆகட்டுங்க” என்று கூறினார்.’

“என்ன சரோஜா இது, கோர்ட்டு சாட்சி மாதிரி? சம்மதித்தார்னு போடுங்க.”

“இல்லீங்க சார், அவங்க வந்து…”

“மூணு மணி பஸ் போயிடும்மா.”

நானே பேனாவை எடுத்து ‘ஆகட்டுங்க என்று கூறினார்’ என்பதை அடித்தேன். மேலே ‘சம்மதித்தார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிரதியை மானேஜரிடம் கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சரோஜா வழி முழுக்கப் பேசவில்லை. வாந்தி வருமோ என்று நினைத்து எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன் என்றால் என் அறிவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மானேஜரிடமிருந்து டிரங்க் கால். ஒரு பெண்கூட வரவில்லை. சனிக்கிழமை அவர் ஒரு நோட்டீஸ் தயாரித்து ரைட்டரை விட்டு ஊரிலேயே போய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறார். இனிமேல் இவ்வாறு நடக்காது என்று எழுதித்தர அரசு அலுவலர் முன்னிலையில் ராமாயி சம்மதித்ததால், அவரை மன்னித்து வேலையில் சேர்த்துக்கொள்வதாக அதில் இருந்தது. ‘மன்னித்து’ என்பது மானேஜரின் கைச்சரக்கு. ‘சம்மதித்ததால்’ என்னுடையது.

மறுநாள் சரோஜாவோடு அந்த ஊருக்குப் போனேன். மெயின் ரோட்டிலிருந்து இரண்டு மைல் ஏற்றம். ராமாயி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க, உக்காருங்க” என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தேன். மண் தரையில் வட்ட வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. விதைக் கூடைகள் இருந்த இடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

“ரைட்டர் படிச்சாருங்க” என்றார் ராமாயி. “நானே சம்மதிச்சுட்டேன்னு சர்க்கார் காயிதத்துல இருக்குதாம். ஒரு வாரமா எனக்காகக் கூலிய உட்டுப்போட்டு நின்ன பொம்பளைங்க, பாதிப் பேரு வந்து, ‘நீயே ஒத்துக்கிட்டயாமே, எங்களய எதுக்கு நிறுத்துனே’ன்னு கேட்டாங்க. இல்லவே இல்லைன்னேன், கவுண்டரும் சொன்னாரு. சர்க்கார் காயிதம் பொய் சொல்லுமான்னாங்க. ‘திருடியை மன்னிச்சுட்டோம்ங்கற எடத்துக்கு எந்த மூஞ்சியோட போறது’ன்னு வேலைக்கும் ஆரும் போகல.” பிறகு, “நொம்ப நேரம் நானே யோசிச்சுப் பாத்தனுங்க, அப்படி ஏதாச்சும் சொல்லிப்போட்டனோன்னு” என்றார்.

தண்ணீரைக் குடிக்காமலே சொம்பைக் கீழே வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

இறங்கும்போது சரோஜாவிடம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். “எங்க பக்கம் ஆகட்டுங்கன்னா சரின்னு அர்த்தமில்லீங்க சார். நீங்க சொல்லி முடிச்சிட்டீங்க, நான் கேட்டுக்கிட்டேன், கெளம்பறேன்னு அர்த்தம். பெரிய மனுசங்க மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்லக் கூடாது பாருங்க. சம்மதம்னா ‘சரிங்க’ம்பாங்க.”

“அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொல்ல வந்தனுங்க. பஸ் போயிடும்னீங்க.”

ரைட்டரும் உள்ளூர்க்காரர்தானே என்று வழியில் அவரிடமும் கேட்டேன். “ரெண்டு ஆபீசருங்க பேசிட்டு இருக்கறப்ப நடுவுல நான் எப்படிங்க வாயைத் தொறக்கறது?” என்றார். பொய் சொல்லவில்லை அவர். அந்த அறையில் அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியாதவர்கள் நானும் மானேஜரும் மட்டும்தான். பேசிக்கொண்டே இருந்தவர்களும் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

சேலம் வந்து மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர், என் மேல் பிரியமானவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “கையெழுத்தான பதிவு அது. நீ திருத்தினா, தப்பா எழுதினேன்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி, மெமோ வரும். அப்படியே விடு, பத்து நாள்ல அவங்களே சமாதானமாயிடுவாங்க” என்றார். நீங்களும் ஒரு நாள் இந்த அறிவுரையைக் கேட்பீர்கள். பிரியத்தோடுதான் சொல்வார்கள். அதனால்தான் மறுப்பது கஷ்டம்.

அன்று இரண்டு மணி நேரம் கோப்பறையில் நின்றேன். அந்தக் கேஸை ‘வீம்பு’விலிருந்து எடுத்தேன். ‘பயத்’தில் வைக்கலாமா? மானேஜருக்குப் பொருந்தும், ராமாயிக்குப் பொருந்தாது. ‘பங்கு’? அங்கே பிரிக்க ஒன்றுமே இல்லை. நாலாவதாக ஒரு கோப்பு தொடங்கலாமா என்றுகூட நினைத்தேன். தொடங்கவில்லை. தொடங்கியிருந்தால் அடுத்த தப்பை அதில் செய்திருப்பேன். வகை பிரிக்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், வகை இல்லாமல் இந்த வேலையில் கால் வைக்கவே முடியாது. எதிரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டால், அது உங்கள் கட்டத்துக்குள் வராவிட்டாலும் பதில் சொல்லுங்கள். ராமாயி கேட்டார். முன்னால் நடந்தது என்று ஆகிவிடாதா என்றார். அந்த ஒரு கேள்வியில் முழுக் கேஸும் இருந்தது. நான் அதற்குப் பதில் சொல்லவில்லை, சமாளித்தேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எஸ்டேட் களத்தில் எல்லோரையும் கூட்டச் சொன்னேன். முந்தின நாளே மானேஜரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் அந்த ஊரைச் சுற்றிக் காட்டியிருந்தேன். ஒவ்வொரு வீட்டு ஓரத்திலும் பத்து, இருபது காப்பிச் செடிகள் இருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார். 

களத்தில் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் இரண்டு கும்பலாகத் தள்ளித் தள்ளி நின்றார்கள். நடுவில் ராமாயி தனியாக. நான் புதுப் பதிவைச் சத்தமாகப் படித்தேன். ‘ராமாயி எந்தக் கடிதத்துக்கும் சம்மதிக்கவில்லை. ராமாயி கூறியது “ஆகட்டுங்க” என்பதே. முந்தைய பதிவில் பிழை நேர்ந்துவிட்டது. அது இதன்மூலம் திருத்தப்படுகிறது. ராமாயியும் நிர்வாகமும் கீழே ஒப்பமிடுகிறார்கள்.’ முந்தின நாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து தயாரித்த வாசகம். கச்சிதமாக இருப்பதாக எனக்கு நினைப்பு. மை டப்பாவை நீட்டினேன்.

ராமாயி விரலைக் கொண்டுவரவில்லை. “இன்னொருக்காப் படிங்க” என்றார். படித்தேன். “இன்னொருக்கா.” மறுபடியும் படித்தேன்.

“பிழை தானா வந்துருச்சுங்களா?” என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

“நேர்ந்துருச்சுன்னு இருக்குதுங்களே. மழை பேஞ்ச மாதிரி. ஆரு எழுதுனாங்கன்னு இதுல இல்லீங்களே. எம்பேரு மட்டும் மூணு எடத்துல வருது, உங்க பேரு எங்கயும் வரலீங்களே.”

 சரோஜா குனிந்துகொண்டார். இத்தனை வருஷம் ஆபீஸில் ‘பிழை நேர்ந்துவிட்டது’, ‘தாமதம் ஏற்பட்டுவிட்டது’, ‘கவனத்துக்கு வராமல் போய்விட்டது’ என்று நான் எழுதிய காகிதங்களையெல்லாம் யாரோ என் முன்னால் கொட்டியது போல இருந்தது. நீங்களும் இந்த வாக்கியங்களைச் சீக்கிரமே கற்றுக்கொண்டுவிடுவீர்கள், யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேனாவை எடுத்தேன்.   மேலதிகாரி சொன்னது ஞாபகம் வந்தது. அவர் சொன்னது போலவே பிறகு மெமோ வந்தது, பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப்போனது. அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன், உண்டு. ஆனால் அந்தக் களத்தில் ராமாயி என் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘பிழை நேர்ந்துவிட்டது’ என்பதை அடித்துவிட்டு, என் முழுப் பெயரையும் பதவியையும் போட்டு, ராமாயி சொல்லாததைச் சொன்னதாக மாற்றி எழுதியவன் நான்தான் என்று எழுதினேன். அதையும் சத்தமாகப் படித்தேன். என் பெயரை நான் அவ்வளவு சத்தமாகச் சொன்னது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

“இப்ப வெக்கறேன் சாமி” என்று சொல்லிவிட்டு ராமாயி கட்டைவிரலை அழுத்தினார். அதுவரை என்னைச் சார் என்றே கூப்பிட்டவர்; சாமி என்பது அந்தப் பக்கத்தில் பிள்ளைகளைப் பிரியமாகக் கூப்பிடுகிற சொல்.

மானேஜர் தானாகவே முன்னால் வந்தார். யாரும் சொல்லிக்கொடுக்காத வாக்கியம்: “நான் பார்க்கல, தெரியாமத்தான் எழுதிட்டேன்.” போய்ப் பலகையிலிருந்த தாளைத் தன் கையாலேயே கிழித்தார். பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். முதலில் ராமாயியிடம் சண்டைக்குப் போனவள் அவள்தான் என்று ரைட்டர் காதோடு சொன்னார். ஊர்க்கவுண்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “மத்தியானம் வெதையைக் கொண்டாந்து வெச்சர்லாம்” என்றார். எல்லோரும் கூடையை எடுத்துக்கொண்டு செடிகளுக்குள் இறங்கிப் போனார்கள். எனக்குக் கண் கலங்கியது. நான் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

ராமாயி மட்டும் எதிர்த் திசையில், ஊரைப் பார்த்து நடந்தார். பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடி, “வேலைக்குப் போகலையாம்மா?” என்று கேட்டேன்.

“நாளைக்கு வாரேன் சாமி” என்றார் நடந்துகொண்டே. “மத்தியானத்துக்குள்ள சாணி போட்டு ஊடு வழிச்சு உடோணும். ஈரத் தரையில வெதைய வெக்கக் கூடாது, காயோணுமில்ல?”

ஐம்பது வயதுப் பெண்மணி. அந்த ஏற்றத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனார்.